நாய் இருக்கும் வீட்டில் கற்றாழை இருக்கலாமா?

உங்கள் வீவக வீட்டின் சன்னலோரத்தையோ வாசலுக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தையோ ஒருமுறை பாருங்கள். தடித்த இலைகளோடு, ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாமல் நிற்கும் செடி ஒன்றாவது அங்கே இருக்கக்கூடும். அது பாட்டி வளர்க்கும் சோற்றுக் கற்றாழையாக இருக்கலாம். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த, காசு போன்ற வட்ட இலைகள் கொண்ட செடியாக இருக்கலாம். திருமண விருந்தில் அன்பளிப்பாகக் கிடைத்த உள்ளங்கையளவுத் தொட்டிச் செடியாகவும் இருக்கலாம். கடைகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: சக்குலண்ட். தமிழில் சதைப்பற்றுச் செடி என்கிறோம்.

இப்போது அந்த வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. பல் முளைக்கும் பருவம். செருப்பு, நாற்காலிக் கால், மின்கம்பி என்று எதைப் பார்த்தாலும் கடிக்கிறது. உடனே வீட்டில் ஒரு கேள்வி எழும். “சக்குலண்ட் நாய்க்கு ஆபத்தா, இல்லையா?”

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து. “எல்லாம் இயற்கைதானே, ஒன்றும் ஆகாது” என்பவரும் சரி, “எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள்” என்பவரும் சரி, இருவரும் அறிவியலைத் தாண்டிப் பேசுகிறார்கள். எந்தச் செடி, அதில் எந்தப் பகுதி, எவ்வளவு, யாருடைய உடலுக்குள் போனது என்ற நான்கும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். இந்த நான்கில் முதலாவதைச் சொல்ல வேண்டியவர்கள் அதைச் சொல்லாமலே செடியை விற்கிறார்கள், பரிசாகவும் தருகிறார்கள். அதை மாற்றவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோற்றம் ஒன்று, குடும்பம் வேறு

சதைப்பற்று என்பது ஒரு குடும்பப் பெயர் அல்ல. அது ஒரு வாழ்க்கைமுறை. மழை குறைந்த இடங்களில் வாழ்ந்த பல தாவரக் குடும்பங்கள் தனித்தனியாக ஒரே தீர்வைக் கண்டுபிடித்தன. இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேமித்து வைப்பதே அந்தத் தீர்வு. சுறாவும் டால்பினும் ஒரே வடிவில் இருந்தாலும் ஒன்று மீன், மற்றது பாலூட்டி என்று படித்திருப்பீர்கள். சதைப்பற்றுச் செடிகளின் கதையும் அப்படித்தான்.

வறண்ட நிலத்தில் தண்ணீரைச் சேமிப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. தாகத்தில் அலையும் விலங்குகள் எல்லாம் அந்த இலையைத் தேடி வரும். சேமித்த தண்ணீரைக் காப்பாற்ற ஒவ்வொரு செடிக்கும் ஒரு வழி வாய்த்தது. சப்பாத்திக்கள்ளி முள்ளை வளர்த்தது. திருகுகள்ளி எரிக்கும் பாலைச் சுரந்தது. ரணகள்ளி இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருளைத் தயாரித்தது. ஹவோர்த்தியா வகைகள் சில, இலை நுனி மட்டும் தெரியும்படி மண்ணுக்குள் புதைந்து ஒளிந்துகொண்டன. தென்னாப்பிரிக்காவின் போர்ச்சுலக்கேரியா ஆஃப்ரா என்ற புதர்ச்செடியை யானைகளே விரும்பித் தின்னும். தின்னும்போது ஒடிந்து விழும் கிளைகள் மண்ணில் மீண்டும் வேர்விட்டு வளர்ந்துவிடும். அதற்கு நஞ்சு தேவைப்படவில்லை.

ஆகவே, சதைப்பற்றுச் செடிகளில் நஞ்சுள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. ஒரே குடும்பத்திற்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். கற்றாழையும் ஹவோர்த்தியாவும் ஒரே குடும்பம். கற்றாழை நாய்க்கு ஆகாது. ஹவோர்த்தியா நஞ்சற்றது. கலாஞ்சோவும் எச்செவேரியாவும் இன்னொரு குடும்பம். கலாஞ்சோ ஆபத்தானது. ரோஜாப்பூ போல இலை அடுக்கிய எச்செவேரியாவால் நஞ்சு அபாயம் இல்லை.

தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்கவும் முடியாது. வெள்ளை வரிகள் போட்ட சின்ன ஹவோர்த்தியாவைக் குட்டிக் கற்றாழை என்று பலர் நினைப்பார்கள். சீனர்கள் செல்வத்தின் அடையாளமாகக் கருதும் ஜேட் செடியின் அறிவியல் பெயர் கிராசுலா ஓவாட்டா. அதைத் தின்ற நாய்க்கு வாந்தியும் சோர்வும் நடைத் தள்ளாட்டமும் வரக்கூடும். அதன் எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்பதை அறிவியல் இன்னும் உறுதியாகக் கண்டறியவில்லை. யானைகள் தின்னும் போர்ச்சுலக்கேரியாவோ அதே வட்ட இலை, அதே தடித்த தண்டோடு ‘குட்டி ஜேட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே குழப்பம் வரும். நாய்க்கு வராதா?

ஒரு மடலுக்குள் இரண்டு பொருள்

நமக்கு நெருக்கமான கற்றாழையையே எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் அதற்குக் குமரி என்று பெயர். தேக்காவில் காய்கறி வாங்கப் போனால் மடல் மடலாகப் பார்க்கலாம். முடிக்கு, முகத்துக்கு, வயிற்றுச் சூட்டுக்கு என்று நம் வீடுகளில் அதற்குப் பல வேலைகள். தமிழ்நாட்டில் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. இவ்வளவு பழகிய செடி நாய்க்கு ஆகாது என்றால் நம்புவது கடினம்தான்.

ஒரு மடலைக் குறுக்காக வெட்டி நிமிர்த்தி வையுங்கள். சற்று நேரத்தில் பச்சைத் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறச் சாறு கசியும். நடுவில் இருக்கும் நிறமற்ற வழவழப்பான சோறு வேறு, இந்த மஞ்சள் சாறு வேறு. சோறு பெரும்பாலும் தண்ணீர்தான். அது செடியின் தண்ணீர்த் தொட்டி. மஞ்சள் சாறுதான் அதன் காவல்காரன். அதிலே அலோயின் என்ற கசப்பான பொருள் இருக்கிறது. குடலைத் தூண்டிக் கடுமையான பேதியை உண்டாக்குவது இதுதான்.

நம் முன்னோருக்கு இது தெரியாமல் இல்லை. கற்றாழைச் சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் ஏழு என்று கேட்டுச் சிரித்தும் இருப்பீர்கள். எண்ணிக்கையை விடுங்கள். கழுவுவதன் நோக்கம் அந்த மஞ்சள் சாற்றைப் போக்குவது. அதே சாற்றைத் தனியே எடுத்து உலர்த்திக் கட்டியாக்கினால் அது கரியபோளம். பேதி மருந்தாக, அளவு பார்த்து, தெரிந்தவர் கையால் கொடுக்கப்பட்ட சரக்கு அது. ஒரே மடலில் உணவும் மருந்தும் நஞ்சும் இருப்பதை அறிந்து பிரித்துவைத்தது நம் மரபு. “கற்றாழை நல்லது” என்று மொட்டையாகச் சொல்வது அந்த மரபின் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பது.

இன்றைய அறிவியலும் அதே கோட்டைத்தான் போடுகிறது. கடைகளில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையின் இந்தச் சாறு இருக்கக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் முடிவெடுத்தது. அது பாதுகாப்பானது, பலன் தருவது என்று காட்டப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்பது காரணம். மனிதருக்கே இந்த நிலை.

நாய்க்குட்டி மடலைக் கடிக்கும்போது தோலைச் சீவுவதில்லை. ஏழு முறை கழுவுவதுமில்லை. தோல், மஞ்சள் சாறு, சோறு எல்லாம் சேர்ந்தே வாய்க்குள் போகின்றன. விளைவு பெரும்பாலும் வாந்தி, பேதி, சோர்வு. கற்றாழையைப் புண்ணுக்கு மேலே தடவினால் என்ன என்று கேட்கலாம். நாம் தடவினால் அது தோலில் இருக்கும். நாய் தன் உடம்பை நக்கும் விலங்கு. தடவியது எல்லாம் கடைசியில் வயிற்றுக்குத்தான் போகும்.

உடல் மாறினால் கணக்கு மாறும்

“நான் கற்றாழைச் சாறு குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில் குடலில் இருக்கிறது. அலோயின் மூலக்கூறில் ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அது பெரும்பாலும் செயலற்றது. பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும்போதுதான் பேதியை உண்டாக்கும் பொருள் வெளிப்படுகிறது. 1996இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வேறு கிருமிகள் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அலோயினைக் கொடுத்தபோது கடுமையான பேதி வரவில்லை. மனிதக் குடலிலிருந்து எடுத்த ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவை எலிகளின் குடலில் குடியேற்றிய பிறகு பேதி வந்தது. செடி அதே, அளவும் அதே. குடலில் இருக்கும் குடியிருப்பாளர் மாறியதும் விளைவு மாறிவிட்டது. ஓர் உடலுக்குப் பொருந்துவதை அப்படியே இன்னோர் உடலுக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இரண்டாவது பதில் எளிய கணக்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அந்த அளவை உடல் எடையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது நச்சியலின் அடிப்படை. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரும் 3 கிலோகிராம் எடையுள்ள சிவாவா நாயும் ஆளுக்கு ஒரே அளவு இலையைத் தின்றால், ஒரு கிலோகிராம் எடைக்குக் கிடைக்கும் அளவு நாய்க்கு 20 மடங்கு.

இது சிங்கப்பூரில் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய ஒன்று. வீவக வீட்டில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட வகையாக இருக்கவேண்டும். சிவாவா, மால்டீஸ், பொமரேனியன், ஷீ ட்சூ என்று அந்தப் பட்டியலில் உள்ளவை சிறிய நாய்கள். வீடும் சிறியது, நாயும் சிறியது, செடியோ தரையிலேயே இருக்கிறது. பெரிய தோட்டத்தில் ஓடும் பெரிய நாய்க்கு ஓர் இலை பொருட்டில்லாமல் போகலாம். நம் வீட்டுக் கூடத்தில் சுற்றும் குட்டி நாய்க்கு அதே இலை ஒரு பொருட்டுதான்.

இதயத்தைத் தொடும் செடிகள்

கற்றாழையால் பெரும்பாலும் வயிறுதான் பாதிக்கப்படும். இன்னும் கவனமாக இருக்கவேண்டிய சதைப்பற்றுச் செடிகளும் உண்டு.

இனப்பெருக்கப் பாடத்தில் ஓர் இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைத்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விதையில்லாமல் இலையிலிருந்தே புதுச்செடி வருவதற்கு உதாரணமாகக் காட்டப்படும் அந்தச் செடிதான் ரணகள்ளி. அறிவியல் பெயர் கலாஞ்சோ பின்னாட்டா. சிறு சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் கலாஞ்சோ தொட்டிகளைப் பூக்கடைகளிலும் பார்க்கலாம். இந்த இனத்துச் செடிகளில் புஃபாடைஎனோலைடு என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. பெயரின் முற்பகுதி தேரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சிலும் இதே வகைப் பொருள் உண்டு.

அது என்ன செய்கிறது? நம் உயிரணு ஒவ்வொன்றின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு ‘பம்பு’ இருக்கிறது. மூன்று சோடியம் அயனிகள் வெளியே, இரண்டு பொட்டாசியம் அயனிகள் உள்ளே. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவ் இதை 1957இல் கண்டறிந்தார். அதற்காக 1997இல் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இதயத்தசை ஒழுங்காகத் துடிக்க இந்தப் பம்பு வேலை செய்தாகவேண்டும். ரணகள்ளியில் உள்ள பொருள் அதைத் தடுக்கிறது. கூடுதலாக உடலில் சேர்ந்தால் இதயத்துடிப்பின் தாளம் தவறும். நம் ஊர் அரளியின் நஞ்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் விற்பனையாகும், பருத்த அடித்தண்டு கொண்ட பாலைவன ரோஜாவும், அதாவது அடீனியமும், அரளியின் குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் அதன் சாற்றை அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள்.

கலாஞ்சோவைக் கடித்த நாய்க்கு வாந்தியும் பேதியும் வருவதே வழக்கம். இதயம் பாதிக்கப்படுவது அரிது. ஆனால், அதிகமாகத் தின்றால் என்ன ஆகும் என்பதைக் கால்நடைகள் காட்டியிருக்கின்றன. 1997இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மோரீ என்ற ஊருக்கு அருகே மேய்ச்சலுக்குச் சென்ற 125 மாடுகள் கலாஞ்சோ இனச் செடி ஒன்றைத் தின்று இறந்தன. மடகாஸ்கரிலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிப் பரவிய செடி அது. தென்னாப்பிரிக்காவில் இந்த வகை நஞ்சு ஆடுகளின் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து நோய் உண்டாக்குவதுண்டு. அப்படி இறந்த ஆட்டின் இறைச்சியைத் தின்ற நாய்களும் நஞ்சுக்கு ஆளாகியிருக்கின்றன. செடியை நாய் தொடவேயில்லை. ஆட்டின் வழியாகவே நஞ்சு அதனிடம் வந்து சேர்ந்தது.

கள்ளி என்றால் எந்தக் கள்ளி?

இதுவரை மூன்று கள்ளிகளைச் சொன்னேன். சப்பாத்திக்கள்ளி, திருகுகள்ளி, ரணகள்ளி. மூன்றும் மூன்று குடும்பங்கள். முதலாவது முள்ளால் குத்தும், ஆனால் அதில் நஞ்சு இல்லை. இரண்டாவதின் பால் வாயைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கண்ணையே பாதிக்கும். மூன்றாவது இதயத்தைத் தொடும். “நாய் கள்ளியைக் கடித்துவிட்டது” என்று கால்நடை மருத்துவரிடம் சொன்னால், அவர் இந்த மூன்றில் எதற்குச் சிகிச்சை தருவார்?

ஆங்கிலப் பெயர்களும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. ‘மணி பிளான்ட்’ என்றால் நம் வீடுகளில் போத்தலில் வளரும் கொடி. சீன நண்பர் வீட்டில் ஜேட் செடிக்கும் அதே பெயர் சொல்வார்கள். கொடியில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். அவை நாயின் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலை உண்டாக்கும். ஜேட் செடியின் விளைவு வேறு. பெயர் ஒன்று, நோய் இரண்டு.

அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அந்தப் பெயர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதைச் சொல்ல ஒன்று போதும். திருகுகள்ளியின் அறிவியல் பெயர் யூஃபோர்பியா திருகள்ளி. ஆம், நம் சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் மருத்துவர்களின் உதவியோடு அந்த மண்ணின் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட நூல் ஒன்றைத் தொகுத்தார். அதில் உள்ளூர்ப் பெயர்களும் பதிவாயின. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான கள்ளி என்ற சொல்லை அங்கிருந்து எடுத்து, 1753இல் லின்னேயஸ் அந்தச் செடிக்கு நிலையான பெயராக வைத்தார். இன்று உலகின் எந்த மூலையில் இருக்கும் கால்நடை மருத்துவரும் அந்தப் பெயரைக் கேட்டால் ஒரே செடியைத்தான் நினைப்பார். அறிவியல் பெயரால் கிடைக்கும் நன்மை இதுதான்.

விலை எழுத இடமிருக்கிறது, பெயர் எழுத இல்லையா?

பூமலைக்குப் போனால் மரங்களுக்கு அருகே பெயர்ப்பலகைகள் இருக்கும். பொதுப்பெயரும் அறிவியல் பெயரும் அதில் இருக்கும். நாய் அணுக முடியாத உயரத்தில் கிளை விரிக்கும் மரத்துக்கே பெயர்ப்பலகை இருக்கிறது. வீட்டுக்குள் தரையில் வைக்கப்போகும் செடிக்கு ‘சக்குலண்ட், 5 வெள்ளி’ என்று எழுதினால் போதும் என்பது எப்படிச் சரியாகும்?

சிங்கப்பூரில் இதைச் செய்வது எளிது. நம் பூங்காக்களைப் பராமரிக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ்தான், 2019 ஏப்ரல் 1 முதல் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவும் இயங்குகிறது. நாய்க்கு உரிமம் கொடுப்பதும் அந்தப் பிரிவுதான். செடியை அறிந்தவர்களும் நாயை அறிந்தவர்களும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொட்டிச் செடிக்கும் அறிவியல் பெயர் எழுதிய சீட்டு, செல்லப்பிராணிக்கு ஆகாது என்றால் ஒரு பாதச்சுவட்டுக் குறி. இவ்வளவுதான் நான் கேட்பது.

கடைக்காரர்கள் சொல்லக்கூடிய மறுப்பும் நியாயமானதே. செடிகள் தட்டுத் தட்டாக வெளிநாட்டுப் பண்ணைகளிலிருந்து வருகின்றன, லாபம் குறைவு, ஒவ்வொன்றையும் அடையாளம் காண நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால், பண்ணையில் வளர்த்தவருக்கு அது என்ன செடி என்று தெரியும். அங்கேயே சீட்டு வைத்தால் செலவு மிகக் குறைவு. உணவுப் பொட்டலத்தில் நிலக்கடலை இருக்கிறதா என்று எழுதுவதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எல்லாருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இல்லை. இருப்பவருக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. கற்றாழை கசக்கும், நாய் ஒரு கடியோடு விட்டுவிடும், இதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். இதிலும் உண்மை இருக்கிறது. பயத்தையும் அளவோடுதான் வைத்திருக்கவேண்டும். சன்னலோரக் கற்றாழையைவிட உங்கள் சமையலறை நாய்க்கு அதிக ஆபத்தானது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் அதன் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் நிபுணர்கள் 2021இல் முன்வைத்தார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது.

ஆனால், ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெங்காயமும் சாக்லேட்டும் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். நாய் தின்றுவிட்டால் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிவிடலாம். பெயர் தெரியாத செடியைத் தின்ற நாயை வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள்? “பச்சையாக, தடிப்பாக இருந்தது” என்பது பதில் ஆகாது. கற்றாழையா கலாஞ்சோவா என்று தெரியாமல் கழியும் நேரம், நாய்க்குக் கிடைக்கவேண்டிய நேரம்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது

சட்டமோ பழக்கமோ மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் அறிவியல் பெயரைக் கண்டுபிடியுங்கள். கைப்பேசியில் செடியைப் படம் பிடித்து அடையாளம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஆனால், அவை தவறும். ஜேட் செடியையும் குட்டி ஜேட்டையும் அவை குழப்பலாம். செயலி சொன்ன பெயரைத் தேசியப் பூங்காக் கழகத்தின் தாவர, விலங்குத் தகவல் தளத்தில் போட்டு, இலை, தண்டு, பூ எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு ஐஸ்கிரீம் குச்சியில் பெயரை எழுதித் தொட்டியில் செருகுங்கள்.

ஆகாத செடிகளைத் தூக்கி எறியவேண்டியதில்லை. பாட்டியின் கற்றாழையை நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டினால் போதும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். தரையில் செடி வைத்தே ஆகவேண்டும் என்றால் ஹவோர்த்தியா, எச்செவேரியா போன்றவற்றை வையுங்கள். அவற்றிலும் உரம், பூச்சிமருந்து, தொட்டியில் பரப்பிய கூழாங்கற்கள் ஆகியவை நாயின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நஞ்சில்லாத செடி என்பதால் அது தின்பண்டம் ஆகிவிடாது.

நாய் ஒரு செடியைக் கடித்துவிட்டது என்றால் வாயில் மீதி இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பால் பட்டிருந்தால் கண்ணையும் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். கடிபட்ட செடியைப் படம் எடுங்கள், ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது, ஏறக்குறைய எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகலாம்.

அடுத்தமுறை ஆசிரியருக்கோ நண்பருக்கோ ஒரு குட்டிச் செடியைப் பரிசாகக் கொடுக்கும்போது, வாழ்த்து அட்டைக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் எழுதிக் கொடுங்கள். கடையில் பெயர் இல்லாவிட்டால், “இது என்ன செடி?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார். பெயர்ச்சீட்டு அப்படித்தான் வந்துசேரும்.